என் அப்பா அந்த ஐந்து மாதமும் உயிரோடுதான் இருந்தார்

முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் அலுவலகத்தின் பொறுப்பு அதிகாரி அவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்தின் பெயரை நான் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். என் அம்மாவுக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தில், ஓய்வூதியதாரர் 2024 டிசம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை உயிருடன் இருந்தார் என்பதற்கான உயிர்ச் சான்றை இணைத்தால்தான் நிலுவைத் தொகை குறித்துப் பரிசீலிக்க முடியும் என்று இருக்கிறது. நாங்கள் விண்ணப்பத்தோடு கொடுத்த இறப்புச் சான்றிதழில் அப்பா இறந்த தேதி இருக்கிறது. அது ஏப்ரல் மாதத்துத் தேதி. ஏப்ரலில் இறந்த மனிதர் மார்ச்சில் உயிரோடு இருந்தாரா என்று அவருடைய மனைவியிடமே கேட்டிருக்கிறீர்கள்.

சரி, சான்றுதானே வேண்டும்? தருகிறேன். உங்கள் படிவத்தில் அதற்கு இடம் போதாது. உங்களுக்கு மட்டும் அனுப்பினால் முந்தைய மனுக்கள் போன இடத்துக்கே இதுவும் போகும். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், யாருடைய பென்ஷனை நிறுத்தினீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பா 1944இல் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சீனப் போர் முடிந்து ராணுவம் நிறைய ஆள் எடுத்த சமயத்தில், 1963இல், 19 வயதில் சேர்ந்தார். படைகளுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசேர்க்கும் ஆர்மி சர்வீஸ் கோர் பிரிவில் டிரைவர் வேலை. பெங்களூரில் பயிற்சி முடித்து, பிறகு பெரும்பாலும் வடக்கேதான். ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரிதான் அவர் வண்டி. 1971 போரின்போது பதான்கோட்டுக்கும் ஜம்முவுக்கும் இடையே ரேஷனும் வெடிபொருளும் ஏற்றி ஓட்டினார். சங்ராம் மெடலும், சுதந்திர வெள்ளி விழா ஆண்டு மெடலும் அவரிடம் இருந்தன. ஊரில் எங்கள் வீட்டுக்கு மில்ட்டரிக்காரர் வீடு என்று பெயர். பையன்கள் போர்க் கதை கேட்க ஆசையாக வருவார்கள். இவர் பிரேக்கைப் பற்றிப் பேசுவார். பனியில் டீசல் உறைந்துபோனால் வண்டிக்கு அடியில் தீ மூட்டிக் கிளப்புவதைப் பற்றிப் பேசுவார். “யாரையாச்சும் சுட்டீங்களா தாத்தா?” என்று ஒரு பையன் கேட்டதற்கு, “நாங்க போகலைன்னா மேல அடுப்பு எரியாதுடா” என்றார். அந்தப் பையன் மறுபடி வரவில்லை.

ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையில் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார். குளிர்காலத்தில் பனி மூடிப் பாதை அடைபட்டுவிடும். அதனால் மேலே இருப்பவர்களுக்கு வேண்டிய கோதுமை மாவு, சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் பாதை திறந்திருக்கும் மாதங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். ஸோஜி லா கணவாய் 11,500 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வண்டிகளை விடுவார்கள். ஏறும் கான்வாய் போய் முடிந்த பிறகுதான் இறங்கும் கான்வாய். வழியில் வண்டிகளை எண்ணுவார்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், அந்த வண்டி இல்லை என்று எழுதிவிட்டு மேலே போய்விட மாட்டார்கள். ஆள் அனுப்பித் தேடுவார்கள். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு அலுப்பாக இருக்கும். உங்கள் கவுண்டரில் நின்ற பிறகுதான், இதை ஏன் இத்தனை தடவை சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

அம்மாவுக்கும் அவருக்கும் 1969இல் கல்யாணம். 1987இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வரும்வரை வருடத்துக்கு 60 நாள் லீவு, கேஷுவல் லீவு கிடைத்தால் இன்னும் கொஞ்சம். அந்தப் பதினெட்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது மூன்று நாலு வருடம்தான் என்று அம்மா விரல் விட்டுக் கணக்குச் சொல்வார். மீதியெல்லாம் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முகவரி எழுதிய கடிதங்கள். பிள்ளைகளின் பாதத்தை நூலால் அளந்து அனுப்பச் சொல்வார், ராணுவக் கேன்டீனில் ஷூ வாங்குவதற்கு. இன்லண்டு லெட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது என்பதால் அம்மா அதற்கென்றே கவர் வாங்கி, ஒவ்வொரு நூலிலும் பெயர் எழுதிய காகிதத்தைக் கட்டி அனுப்புவார். ஒரு வருடம் அவருடைய லீவு தள்ளிப்போனது. நூலுக்குச் சரியாக வாங்கி வைத்திருந்த ஷூ எனக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் இரண்டு விரற்கடை கூட்டித்தான் வாங்கினார்.

ஓய்வுக்குப் பிறகு கப்பலூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வேன் ஓட்டினார். இரவு ஷிப்ட் முடிந்த பெண்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே விளக்கு எரிந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். டீசல் வீணாகிறது என்று மில்லில் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. பகலில் இரண்டு ஏக்கர் கரிசலில் பருத்தி, சோளம். கேன்டீன் கோட்டாவில் ஒரு பாட்டில் கேட்டு வந்த மாமன் மச்சான்களுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி, அவ்வளவுதான். அதனால் இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு அம்மாவுக்கு வாதம் வந்து வலது கை விளங்காமல் போனது. அன்றிலிருந்து அம்மாவுக்குத் தலை சீவிப் பின்னிவிட்டது அப்பாதான். லாரியில் தார்ப்பாய் கட்டுகிற முடிச்சுத்தான் முதலில் அவர் கைக்கு வந்தது. பேத்தியிடம் கேட்டுப் பின்னல் கற்றுக்கொண்டார்.

இந்த மனிதரின் விரலைத்தான் உங்கள் இயந்திரம் ஏற்கவில்லை.

80 வயது தாண்டியவர்கள் நவம்பர் வரை காத்திருக்காமல் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அந்த வருடத்து உயிர்ச் சான்றைக் கொடுக்கலாம். விதி தெரிந்தவர் என்பதால் அப்பா அக்டோபரிலேயே வந்தார். நானும் கூட வந்தேன். ஸ்டியரிங்கும் மண்வெட்டியும் தேய்த்த விரல்கள். பத்தையும் வைத்துப் பார்த்தார்கள். துடைத்து வைத்தார்கள், எண்ணெய் தடவி வைத்தார்கள். ரேகை விழவில்லை. “பேப்பர்ல வாங்கிட்டு வந்துடுங்க” என்றார்கள். எங்கள் வங்கி மேலாளர் அப்பாவை நேரில் பார்த்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அதை உங்கள் கவுண்டரில் கொடுத்தோம். எங்களிடமிருந்த நகலில் ஒரு சுருக்கொப்பம் மட்டும் போட்டார்கள். முத்திரை இல்லை, தேதி இல்லை. “தேதி போட்டுக் கொடுங்க தம்பி” என்று அப்பா கேட்டார். “அதெல்லாம் சிஸ்டத்துல ஏறிடும் தாத்தா” என்று பதில் வந்தது.

ஏறவில்லை. டிசம்பர் மாதப் பென்ஷன் வரவில்லை. 80 வயது முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் கூட வேண்டிய 20 சதவீதமும் அதற்கு முன்பே வராமல்தான் இருந்தது. அதைக் கேட்க வந்தவரிடம், உயிர்ச் சான்று பதிவில் இல்லை, அதனால் நிறுத்தப்பட்டிருக்கிறது என்றார்கள். ஆள் எதிரிலேயே நிற்கிறாரே என்றேன். “நாங்க பார்த்தா ஆகாதும்மா, சிஸ்டம் பார்க்கணும்” என்றார் உங்கள் ஊழியர். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்து, இவர் இருக்கிறார் என்று எழுதும் அதிகாரம்கூட இல்லாமல் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

இனி அந்த ஐந்து மாதத்துக்கான சான்று.

டிசம்பர் 7, கொடிநாள். கொடிநாள் உண்டியலோடு வந்த பிள்ளைகளிடம் பணம் போட்டு, சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டார். முன்னாள் படைவீரர் நலனுக்கான வசூல் அது. அந்த மாதம் அவருக்கே பென்ஷன் வராது என்பது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பார்.

ஜனவரி 15, ராணுவ தினம். 2025இல் அன்றைக்கே மாட்டுப் பொங்கலும் பாலமேடு ஜல்லிக்கட்டும். டிவியில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அவரோடு வேலை பார்த்த ஒருவர் கேரளாவிலிருந்து போன் செய்தார். இருவரும் இந்தியில் பேசிச் சிரித்தார்கள். அந்த நண்பரின் போனில் அழைப்புப் பதிவு இருக்கும். ஜனவரி 26 அன்று எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் கொடியேற்றியது அப்பா. தலைமை ஆசிரியரும் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் சாட்சி. அவர் சல்யூட் அடித்த படம் என்னிடம் இருக்கிறது. எந்த அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள்.

மாதாமாதம் மதுரையிலிருக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டப் பாலிகிளினிக்கில் அம்மாவுக்கும் தனக்கும் மாத்திரை வாங்கினார். அந்தத் திட்டம் 2003இலிருந்து நடக்கிறது. அதன் அட்டையைக் காட்டித்தான் மாத்திரை தருவார்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நான்கு மாதத்துச் சீட்டும் தேதியோடு இருக்கின்றன. ஒரே அரசாங்கத்தின் ஒரு ஜன்னலில் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள், இன்னொரு ஜன்னலில் அவர் இருக்கிறாரா என்று சந்தேகப்படுகிறீர்கள். எங்கள் ஊர் ரேஷன் கடையிலும் அவர் விரல் விழுந்ததில்லை. கடைக்காரர் அதற்காக அவரை இறந்தவர் பட்டியலில் சேர்க்கவில்லை. அம்மாவின் விரலை வைக்கச் சொல்லி அரிசி போட்டு அனுப்பினார்.

மாசி மாதம் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வந்தார். இரவு முழுக்கக் கண் விழித்தார். பங்காளிகள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அப்புறம் ஒரு சான்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அப்பா இறந்த பிறகு மெடல்கள் இருந்த டப்பாவில் ஒரு நகை அடகு ரசீது கிடைத்தது. பிப்ரவரி மாதத் தேதி. அம்மாவின் சங்கிலி. கீழே அப்பாவின் கையெழுத்து. அம்மாவின் கைக்கு வாரா வாரம் வந்துபோகும் பிசியோதெரபிக்காரருக்குப் பணம் நிற்கக் கூடாது என்று வைத்திருக்கிறார். நாங்கள் மூன்று பிள்ளைகளும் சம்பாதிக்கிறோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். கேட்கவில்லை. அம்மாவின் செலவை அவர் யாரிடமும் கேட்டதில்லை, 1969இலிருந்தே. மணியார்டர் பாரத்தின் அடிக்கட்டைகளை இன்னும் வைத்திருக்கிறார் அம்மா. அந்தச் சங்கிலியை அடகு வைக்கும்போது அம்மாவிடம் சொல்லித்தான் கழற்றியிருக்கிறார், இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்களிடம் மறைத்திருக்கிறார்கள். இறந்தவர் யாரும் அடகுக் கடையில் கையெழுத்துப் போட முடியாது அல்லவா? இதையும் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை பிறந்து சில நாளில் இறந்தார். உறக்கத்திலேயே. ஊர் முன்னாள் படைவீரர்கள் வந்து உடலுக்குத் தேசியக் கொடி போர்த்தலாம் என்றார்கள். அப்பா முன்பே சொல்லி வைத்திருந்தார், அரசு மரியாதையோ ராணுவ மரியாதையோ உள்ள இறுதிச் சடங்குக்குத்தான் கொடி போர்த்தலாம், கொடிச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று. அவர்கள் ஒப்புக்கொள்ள மனமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். வேட்டி போர்த்தி அனுப்பினோம். தனக்குச் சாதகமான இடத்தில்கூட விதியை மீறாத ஒருவர், வருடத்துக்கு ஒரு முறை தர வேண்டிய காகிதத்தைத் தராமல் இருந்துவிட்டார் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அம்மாவுக்கு ஆறாமல் இருப்பது இதுதான். பணம் அப்புறம்.

வேறு வழியே இல்லாமல் இப்படி ஆகிவிட்டது என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வழிகள் இருக்கின்றன. மின்னணு உயிர்ச் சான்று 2014இலிருந்து இருக்கிறது. விரல் விழாதவர்களுக்கு முகத்தை வைத்தே சான்று பெறும் வசதி 2021இல் வந்துவிட்டது. தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்து தருகிறார். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு உயிர்ச் சான்று உள்ளிட்ட சேவைகளை வீட்டு வாசலிலேயே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளுக்கே அறிவுறுத்தியிருக்கிறது. இவற்றில் முகப் பதிவு பற்றிய போஸ்டர் உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அப்பா தன் முறைக்குக் காத்திருந்தார். விரல் விழவில்லை என்றதும், முகத்தை வைத்துப் பார்க்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அங்கிருந்தவருக்கு அதில் பயிற்சி கொடுக்கப்படவில்லை என்று பிறகு தெரிந்தது.

1982 டிசம்பர் 17இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஓய்வூதியம் அரசு பார்த்துக் கொடுக்கும் கருணைத் தொகை அல்ல, உழைத்தவரின் உரிமை. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். உரிமையை நிறுத்துகிறவர்தான், நிறுத்துவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டும். அப்பாவின் கைப்பேசி எண் உங்கள் பதிவில் இருந்தது. நிறுத்தும் முன் ஒரு போன் செய்திருந்தால் அவரே எடுத்திருப்பார்.

நான் கேட்பவை இவை. இறப்புச் சான்றிதழில் உள்ள தேதிவரை அப்பா உயிரோடு இருந்தார் என்று ஏற்று, டிசம்பரிலிருந்து அந்தத் தேதிவரைக்குமான ஓய்வூதியத்தை விடுவியுங்கள். 80 வயது முடிந்த மாதத்திலிருந்து சேர வேண்டிய 20 சதவீதத்தையும் அதோடு கணக்கிட்டுச் சேருங்கள். அம்மாவின் பெயர் அப்பாவின் ஓய்வூதிய ஆணையிலேயே இருக்கிறது. குடும்ப ஓய்வூதியத்தை நிலுவைப் பிரச்சினையோடு கட்டிப்போடாமல் உடனே தொடங்குங்கள். அக்டோபரில் நாங்கள் கொடுத்த காகிதச் சான்று என்ன ஆனது என்று விசாரித்து எழுத்தில் சொல்லுங்கள். அது கிடைத்தால், சான்று கொடுக்கத் தவறியவர் என்ற பதிவை அப்பாவின் பெயரிலிருந்து நீக்குங்கள்.

மற்றவர்களுக்காகவும் கேட்கிறேன், ஏனென்றால் மறுபடியும் அக்டோபர் வரும். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி, கைத்தடியோடு உங்கள் வாசலுக்கு வருவார்கள். காகிதத்தில் வாங்கும் எந்தச் சான்றுக்கும் முத்திரையும் தேதியும் போட்ட ரசீது கொடுங்கள். விரல் விழாவிட்டால் அதே இடத்தில் முகத்தை வைத்துப் பதியுங்கள், அதற்குக் கவுண்டரில் இருப்பவர்களைப் பழக்குங்கள். நேரில் வந்து நிற்பவரை, அவர் வந்தார் என்று பதிவு செய்யும் அதிகாரத்தைக் கவுண்டரில் இருப்பவருக்கே கொடுங்கள். 80 வயது தாண்டிய ஒருவரின் பென்ஷனை நிறுத்துவதற்கு முன்பு போன் செய்யுங்கள். போனில் கிடைக்காவிட்டால் ஆள் அனுப்புங்கள். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, ஊர் ஊருக்கு முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள், கேட்டால் போய்ப் பார்த்து வருவார்கள்.

பதிலை எனக்கு எழுத வேண்டாம், அம்மா பெயருக்கு எழுதுங்கள். போன கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் அதை நான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கணவர் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியை என் வாயால் அவரிடம் சொல்ல வைத்தீர்கள். இந்த முறை தமிழில் எழுதுங்கள், அவரே படித்துக்கொள்வார். முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் இந்த மடலின் நகலோடும் மேலே சொன்ன சீட்டுகளோடும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மூத்த மகள்
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்